கைராசியும் கணக்கும்: டாக்டர் முகமது ரேலாவின் ஆய்வுகளை வாசித்தபோது

டாக்டர் முகமது ரேலாவைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரை எதை எடுத்தாலும், இரண்டாவது பத்திக்குள் அந்த ஐந்து நாள் குழந்தை வந்துவிடும். 1997-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில், பிறந்து ஐந்தே நாளான ஒரு பெண் குழந்தைக்குக் கல்லீரல் மாற்று அறுவை செய்தார். கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். அப்புறம் வாழ்க்கைக் குறிப்பு. மயிலாடுதுறைப் பக்கம் கிளியனூர்க்காரர், சென்னை ஸ்டான்லியில் படித்தவர், லண்டனில் பல வருஷம், பிறகு சென்னை, 2018-ல் குரோம்பேட்டையில் தன் பெயரிலேயே மருத்துவமனை. முடிவில் நோயாளியின் அப்பா ஒருவர் "கைராசியான டாக்டர்ங்க" என்று சொல்லியிருப்பார்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இப்படி எழுதும்போது அந்த மனிதர் இத்தனை வருஷம் என்ன ஆராய்ச்சி செய்தார் என்பது காணாமல் போய்விடுகிறது. கைராசி ஒருவருடைய கையோடு போய்விடும். ஆராய்ச்சி என்பது, என் கையில் நடந்தது உன் கையிலும் நடக்குமா என்று கணக்கு எழுதி வைப்பது. வாசித்தவரை எனக்குப் பட்டது இதுதான்: ரேலா கணக்கு எழுதியவர். அந்தக் கணக்கில் ஒரே ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. அதே சமயம், அந்தக் கணக்கில் சில கட்டங்கள் காலியாகவும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

நான் டாக்டர் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். கல்லீரல் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை ராத்திரி உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ராத்திரி

என் அத்தை மகன். பேரையூர்ப் பக்கம் கரிசல் காட்டில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். அப்போது அவனுக்கு 26 வயது. வீட்டில் ஏதோ சண்டை. எலிக்கு வைத்திருந்த பசையைத் தின்றுவிட்டான். அன்று கொஞ்சம் வாந்தி, அவ்வளவுதான். மறுநாள் எழுந்து காபி குடித்தான், காட்டுக்குப் போனான். "சும்மா பயமுறுத்துறான்" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். மஞ்சள் பாஸ்பரஸில் இருக்கிற பெரிய ஆபத்தே இதுதான். நடுவில் ஓரிரண்டு நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். (யாராவது தின்றுவிட்டார்கள் என்று தெரிந்தால் ஆள் நன்றாகத்தானே இருக்கிறான் என்று பார்க்காதீர்கள், அந்த நிமிஷமே கிளம்புங்கள்.)

நான்காம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். ஐஎன்ஆர் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று சொல்லும் எண் அது. நல்ல ஈரல் இருப்பவருக்கு 1-ஐ ஒட்டி இருக்கும். அவனுக்கு 5-ஐத் தாண்டியிருந்தது. பெரிய டாக்டர் மாமாவைக் கூப்பிட்டு, "மெட்ராஸ் கொண்டுபோங்க. வேற ஈரல் வச்சாத்தான் பொழைப்பான். சொந்தத்துல யாராவது குடுக்கணும். இன்னைக்கு ராத்திரியே முடிவு பண்ணிருங்க" என்றார்.

சென்னைக்கு 460 கிலோமீட்டர். இருபது லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அரசுக் காப்பீட்டில் இதுவும் உண்டு என்று யாரோ சொன்னார்கள். அந்த ராத்திரியில் எந்தக் கதவைத் தட்டுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அத்தை, "என் ஈரக்குலைய அறுத்து எடுத்துக்கங்கய்யா" என்று அழுதாள். நாம் பேச்சுக்குச் சொல்கிற வார்த்தை. அன்று அது நேர் அர்த்தத்தில் நின்றது. அத்தைக்குச் சர்க்கரை, ரத்த வகையும் சேரவில்லை. மாமாவுக்கு வயது அதிகம். கூடப் பிறந்தவர்கள் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சரி என்றேன். ஆனால் ஒரு மணி நேரம் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் சொன்னேன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. சட்டப்படி அத்தை மகன் 'நெருங்கிய உறவு' இல்லை, அதற்கென்று உள்ள அனுமதிக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது.

விடிந்தால் கிளம்புவதாக இருந்தது. காலையில் எடுத்த ரத்தத்தில் ஐஎன்ஆர் 4.6. "ஒரு நாள் பாப்போம்" என்றார் டாக்டர். மறுநாள் 3.8. அதற்கடுத்த நாள் இன்னும் இறங்கியது. அவன் பிழைத்துக்கொண்டான், சொந்த ஈரலோடு. ஊரில் குலசாமிக்குக் கிடா வெட்டினார்கள். பக்கத்துப் படுக்கையில் இருந்த பெண்ணுக்கும் அதே பசை, ஏறக்குறைய அதே எண்கள். நாங்கள் 3.8 என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட அன்று அவள் இறந்துபோனாள்.

அந்த ராத்திரி காசும் வண்டியும் கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். அவனுடைய ஈரலை முழுசாக எடுத்துவிட்டு என் ஈரலில் பாதியை வைத்திருப்பார்கள். அவன் பிழைத்திருப்பான். நாங்களும் கைராசி என்று சொல்லியிருப்போம். எடுத்துப் போட்ட ஈரல் தானாகவே தேறியிருக்கும் என்பது யாருக்குமே தெரிந்திருக்காது. பக்கத்துப் படுக்கைப் பெண்ணின் விஷயத்தில் இதற்கு நேர் எதிர். அவளுக்கு மாற்று ஈரல்தான் வேண்டியிருந்தது.

இரண்டு பேரையும் அந்த ராத்திரியில் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படியானால் மருத்துவம் என்ன செய்யும்? இந்தக் கேள்வியோடுதான் நான் ரேலாவின் கட்டுரைகளுக்கு வந்து சேர்ந்தேன்.

துண்டு போடும் வித்தை

கொஞ்சம் பின்னணி. மனிதருக்கு முதல் கல்லீரல் மாற்று அறுவையை 1963-ல் அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் செய்தார். அந்தக் குழந்தை அறுவை மேசையிலேயே இறந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்த நோயாளியைக் காண 1967 வரை ஆனது. இந்தியாவில் முதல் வெற்றி 1998-ல் டெல்லியில். பிழைத்தது காஞ்சிபுரத்துக் குழந்தை, ஈரல் கொடுத்தவர் அப்பா.

ஈரலின் அமைப்பு ஒரு வசதி. 1950களில் கூய்னோ என்ற பிரெஞ்சுக்காரர், வெளியே ஒரே கட்டியாகத் தெரிகிற ஈரல் உள்ளே தனித்தனி ரத்த ஓட்டமுள்ள எட்டுப் பகுதிகள் என்று வரைந்து காட்டினார். ஈரலுக்கு வளரும் குணமும் உண்டு. பாதிக்கு மேல் வெட்டிக் கொடுத்தாலும் சில மாதங்களில் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். இந்த இரண்டும் சேர்ந்துதான், ஒரு ஈரலை இரண்டாகப் பிரித்துப் பெரியவர் ஒருவருக்கும் குழந்தை ஒன்றுக்கும் வைக்கும் முறையைச் சாத்தியமாக்கின. 1988-ல் ஜெர்மனியின் பிக்ல்மயர் அதைத் தொடங்கினார். கிங்ஸில் செய்த பிரிப்பு அறுவைகளின் அனுபவத்தை 1998-ல் ரேலா முதல் பெயராக இருந்து எழுதினார்.

இங்கேதான் அந்த ஐந்து நாள் குழந்தையைப் பொருத்திப் பார்க்க வேண்டும். மூன்று கிலோ குழந்தைக்கு, உடல் எடையில் நான்கு சதவீதத்துக்கு மேல் ஈரல் வைத்தால் வயிற்றை மூட முடியாது, ரத்தமும் போதாது. அதாவது 120 கிராம். பெரியவர் ஒருவரின் ஈரலில் குழந்தைகளுக்கு என்று வழக்கமாக எடுக்கும் இடது ஓரத் துண்டே சுமார் 250 கிராம் வரும். பாதியைத்தான் வைக்கலாம். 1999-ல் கிங்ஸ் குழு, எட்டில் ஒரே ஒரு பகுதியை மட்டும் எடுத்து வைப்பது பற்றி ஒரு சின்னக் கட்டுரை போட்டது. ரேலாவும் அதில் ஒரு ஆசிரியர். கின்னஸ் சொல்வது வயதை. கட்டுரை சொல்வது எங்கே வெட்டலாம், எவ்வளவு வைக்கலாம், எந்தக் குழாயை எதோடு தைக்கலாம் என்பதை. அடுத்த ஊரில் இருக்கும் அடுத்த குழந்தைக்குப் பயன்படுவது இரண்டாவதுதான். நம் ஊர்க் கட்டுரைகள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன.

எடுக்காமலே வைப்பது

ஆனால் ரேலாவின் ஆய்வில் என்னைப் பிடித்து நிறுத்தியது துண்டு போடுவது அல்ல. 'துணை மாற்று அறுவை' என்று சொல்லலாம். நோயாளியின் ஈரலை முழுசாக எடுப்பதில்லை. ஒரு பகுதியை மட்டும் எடுத்து, அந்த இடத்தில் தானம் பெற்ற துண்டை வைக்கிறார்கள். பழசும் புதுசும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நெருக்கடியைப் புதுசு தாங்கும். மாதக் கணக்கில் பழைய ஈரல் தேறிவிட்டால், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துவார்கள். உடம்பே புதிய துண்டைச் சுருக்கிவிடும். நோயாளி தன் சொந்த ஈரலோடு, மாத்திரை இல்லாமல் வாழ்வார்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் மக்கர் செய்தால் அதை அழித்துவிட்டுப் புதுசு போட மாட்டோம். புதுசைப் பக்கத்தில் ஓடவிட்டு வேலையை அதற்குத் திருப்பிவிடுவோம். பழசு சரியானால் மறுபடி அதற்கே திருப்புவோம். திரும்பி வர வழி வைத்துக்கொண்டு முன்னால் போவது.

யோசனை ரேலாவுடையது அல்ல. 1991-ஐ ஒட்டி ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து வந்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டவர்களில் அவர் முக்கியமானவர். வரிசையாகப் பாருங்கள். 1999-ல் கிரிக்லர்-நஜ்ஜார் என்ற பிறவிக் குறைபாட்டுக்கு இதே முறை. அந்தக் குழந்தைகளுக்கு ஈரல் முழுக்க நன்றாகவே இருக்கும், மஞ்சள் நிறமியைக் கழிக்கும் ஒரே ஒரு நொதி மட்டும் இருக்காது. தினமும் பல மணி நேரம் நீல விளக்கின் கீழ் படுத்துக்கிடப்பார்கள். ஒரு நொதிக்காக முழு ஈரலை எதற்கு எடுக்க வேண்டும்? 2007-ல் புரோபியானிக் அசிடீமியா என்ற இன்னொரு குறைபாட்டில் பத்து வருஷத் தொடர் கவனிப்பு. 2010-ல், திடீர் ஈரல் செயலிழப்பு வந்த 20 குழந்தைகளின் கணக்கு: பெரும்பாலோர் பிழைத்தார்கள், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மாத்திரையை நிறுத்த முடிந்தது. 2015-ல் சென்னைக் குழுவின் ஒரு கட்டுரை: ஒரு வகைப் பிறவிக் குறைபாடுள்ள குழந்தையின் ஈரல் துண்டை, வேறு வகைக் குறைபாடுள்ள இன்னொரு குழந்தைக்குத் துணையாக வைத்தது. ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கிறது. பழுதான இரண்டு சேர்ந்து ஒரு இயல்பான உடம்பு.

இந்த வரிசையில் சாதனைப் பட்டியல் எனக்குத் தெரியவில்லை. ஒரே கேள்விதான் தெரிகிறது: இருக்கிற ஈரலை எடுக்காமல் காப்பாற்ற முடியுமா? உறுப்பை மாற்றுவதையே தொழிலாகக் கொண்டவர் இதை இருபது வருஷத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதுதான் என் பார்வையில் அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கையின் சாரம்.

கேட்பது சுலபம், செய்வது கஷ்டம். இரண்டு ஈரலுக்கும் குடலிலிருந்து வரும் ரத்தம் ஒரே பெரிய குழாயில்தான் வருகிறது. பெரியாறு வாய்க்கால் தண்ணீர் மேலூர்க் கடைமடைக்கு எப்படி வருகிறது என்று பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். தடை குறைந்த பக்கம் தண்ணீர் போய்விடும். பிறவிக் குறைபாட்டில் பழைய ஈரல் மிருதுவாக இருப்பதால் ரத்தத்தை அதுவே இழுத்துக்கொள்ளும், புதுத் துண்டு காயும். திடீர்ச் செயலிழப்பில் பழைய ஈரல் வீங்கிக்கிடப்பதால் புதுசுக்கு ரத்தம் போகும். பழசு தேறத் தேறப் போட்டி ஆரம்பிக்கும். எந்த மடையை எவ்வளவு அடைப்பது என்பதுதான் இந்த அறுவையின் பாதி. கட்டுரைகளில் எனக்குப் பிடித்த பக்கங்களும் இவைதான். கைக்குத் தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க முயல்கிற பக்கங்கள்.

காலிக் கட்டங்கள்

சரி, இப்போது விமர்சனத்துக்கு வருகிறேன். மூன்று விஷயங்கள்.

முதலாவது, ஒப்பீடு. 20 குழந்தைகள் என்பது ஒரே மையத்தில் ஏறக்குறைய இருபது வருஷத்தில் சேர்ந்த எண்ணிக்கை. அதே காலத்தில் அங்கே வந்த மற்ற குழந்தைகளுக்கு முழு மாற்று அறுவை செய்தார்கள். யாருக்குத் துணை அறுவை என்று தீர்மானித்தது யார்? அறுவை செய்த குழுதான். ஈரல் தேறும் என்று தோன்றியவர்களுக்கே இது செய்யப்பட்டிருக்கும். நியாயமான மருத்துவமும் அதுதான். ஆனால் 'தேறியது' என்ற முடிவில், முறையின் பங்கு எவ்வளவு, தேர்வின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாமல் போகிறது. 1990களின் கடைசியில் பல ஐரோப்பிய மையங்களைச் சேர்த்துப் பார்த்த ஒப்பீட்டில் இரண்டு முறைகளிலும் உயிர்பிழைப்பு ஏறக்குறைய சமமாகவே வந்தது. லாபம் மாத்திரை இல்லாத வாழ்க்கை. நஷ்டம் நீளமான, சிக்கல் கூடிய அறுவை. அதனால்தான் உலகத்தில் பெரும்பாலான மையங்கள் இதைத் தொடவே இல்லை. இன்றைக்கும் இதைச் செய்வது சில கைகள் மட்டுமே. அப்படியானால் கைராசி இன்னும் முழுசாகக் கணக்காக மாறவில்லை என்றுதான் அர்த்தம்.

உயிர் ஊசலாடும் குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிக்க முடியாதுதான். அதே சென்னைக் குழு, அறுவை நேரத்தில் கொடுக்கும் டெர்லிபிரெசின் என்ற மருந்தை முறையான சீட்டுக் குலுக்கல் சோதனையில் வைத்துப் பார்த்து 2017-ல் வெளியிட்டது. மருந்தில் முடிவது அறுவையில் முடியாது என்பது புரிகிறது. ஆனால் துணை அறுவை வேண்டாம் என்று விட்டவர்களின் கணக்கையும், ஏன் விட்டோம் என்பதையும் பக்கத்திலேயே முழுசாக வைக்கலாம். நான் வாசித்தவற்றில் அது இருந்ததைவிட அதிகமாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, கொடுப்பவர். இது எனக்கு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவனின் கேள்வி. லண்டனில் துண்டு பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து வந்தது. நம் நாட்டில் பெரும்பாலான கல்லீரல் மாற்று அறுவைகளில் உயிரோடு இருக்கும் அம்மாவோ அப்பாவோ மனைவியோ கொடுக்கிறார்கள். துணை அறுவையின் வெற்றி என்பது வைத்த துண்டு கடைசியில் தேவைப்படாமல் சுருங்கிப்போவது. சில மாதத் தேவைக்கு ஆரோக்கியமான ஒருவரின் வயிற்றைத் திறக்கலாமா? கொடுப்பவருக்கு ஆபத்து சிறிது, பூஜ்யம் இல்லை. தழும்பு ஆயுசுக்கும் இருக்கும்.

இதற்கு நல்ல பதிலும் இருக்கிறது. துணை அறுவைக்குச் சின்னத் துண்டு போதும். பெரிய வலது பக்கத்துக்குப் பதில் இடது பக்கத்தை எடுத்தால் கொடுப்பவருக்கு ஆபத்து குறைகிறது. குழந்தை ஆயுசு முழுக்க மாத்திரை சாப்பிடாமல் தப்பிக்குமென்றால் எந்தத் தாயும் யோசிக்கமாட்டாள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லண்டனில் உருவான ஒரு முறை சென்னைக்கு வரும்போது, அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது மாறிவிடுகிறது. கட்டுரைகளில் பெறுபவருக்குப் பத்து வருஷத் தொடர் கவனிப்பு. கொடுப்பவருக்கு 'நலமாக வீடு திரும்பினார்' என்ற அளவில் ஓரிரு வரி. அவருக்கும் பத்து வருஷக் கணக்கு வேண்டும்.

மூன்றாவது, வந்து சேராதவர்கள். திடீர் ஈரல் செயலிழப்பில் யாருக்கு மாற்று அறுவை தேவை என்று முடிவு செய்ய உலகம் முழுக்கப் பயன்படுவது கிங்ஸ் அளவுகோல். 1989-ல் வெளியானது. 1973 முதல் 1985 வரை அங்கே சிகிச்சை பெற்ற 588 நோயாளிகளின் கணக்கிலிருந்து வந்தது. அது பாரசிட்டமால் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவர்களும் மஞ்சள் காமாலைக்காரர்களும் நிறைந்த ஊர். நம் ஊர் எலிப்பசை அதில் இல்லை. மஞ்சள் பாஸ்பரஸ் ஈரலோடு இதயத்தையும் தாக்கும். புதிய ஈரல் அதற்கு மருந்தில்லை. ஆக, அந்த ராத்திரி எங்கள் டாக்டர் கையில் இருந்தது இன்னொரு விஷத்துக்குச் செய்த அளவுகோல். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. வேறு அளவுகோல் கையில் இல்லை.

மாற்று அறுவை மையத்தின் கணக்கு நோயாளி வாசலுக்கு வந்தபிறகுதான் தொடங்குகிறது. பேரையூரில் காபி குடித்துவிட்டுக் காட்டுக்குப் போனவர், ஆம்புலன்ஸில் பாதி வழியில் இறந்தவர், என் அத்தை மகன் மாதிரி வராமலே பிழைத்தவர், பக்கத்துப் படுக்கைப் பெண் மாதிரி வராமலே போனவர், யாரும் அதில் இல்லை. எத்தனை பேரில் இத்தனை பேர் என்று சொல்ல வகுக்கும் எண் வேண்டும். அந்த எண் மதுரையிலும் திருநெல்வேலியிலும் தர்மபுரியிலும் அரசு ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் கிடக்கிறது. வேலூர் சிஎம்சி குழு இதே எலிப்பசை நோயாளிகளுக்கு, ரத்தத்தின் பிளாஸ்மாவைக் குறைந்த அளவில் மாற்றும் சிகிச்சையில் உயிர்பிழைப்பு கூடுவதாக எழுதியிருக்கிறது. பெரிய அறுவை இல்லை, கொடுப்பவர் இல்லை. மாவட்டத் தலைநகரிலேயே செய்யக்கூடியது. சென்னையின் கணக்கும் வேலூரின் கணக்கும் ஒரே தாளில் வந்தால்தான், யாரை 460 கிலோமீட்டர் அனுப்ப வேண்டும், யாரை அனுப்ப வேண்டாம் என்று ஒரு டாக்டர் நம்பிச் சொல்ல முடியும். இது ரேலா ஒருவர் மேல் வைக்கிற குற்றச்சாட்டு அல்ல. ஆனால் இந்தத் துறையில் அவர் அளவுக்குச் சொல்லுக்கு மதிப்பு உள்ளவர்கள் குறைவு. அந்தத் தாளைக் கேட்டு வாங்கக்கூடியவர் அவர்.

கடை அலமாரி

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிங்ஸுக்கு வந்த பாரசிட்டமால் நோயாளிகள் என்ன ஆனார்கள்? 1998-ல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. மருந்துக் கடையில் ஒரு பெட்டிக்கு 32 மாத்திரை, மற்றக் கடைகளில் 16, அவ்வளவுதான். அடுத்த பதினோரு வருஷக் கணக்கைப் பார்த்தவர்கள், அந்த மாத்திரையால் வந்த மரணங்கள் 43 சதவீதமும், அதற்காக ஈரல் மாற்றுக்குப் பதிவு செய்தவர்கள் 61 சதவீதமும் குறைந்ததாகக் கண்டார்கள். எந்தக் கைராசியும் இவ்வளவு பேரைக் காப்பாற்றியிருக்க முடியாது.

தமிழ்நாட்டிலும் மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசைக்கு அரசு நிரந்தரத் தடை போட்டிருக்கிறது. அதற்குப் பின்னால் இருந்தது, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள் என்று பொறுமையாக எண்ணி எழுதிய ஈரல் மருத்துவர்களின் கணக்குதான். அவர்கள் யாரும் கின்னஸில் வரமாட்டார்கள்.

இதனால் ரேலாவின் வேலை சிறியதாகிவிடாது. சட்டம் வந்த பிறகும் ஈரல் கெடும். பிறவிக் குறைபாட்டுக்குத் தடை போட முடியாது. பக்கத்துப் படுக்கைப் பெண்ணைப் போன்ற ஒருத்தி எப்போதும் இருப்பாள், அவளுக்கு அந்தக் கைகள் வேண்டும். தேறுமா தேறாதா என்று தெரியாத இருட்டில், தேறினால் திரும்பி வர ஒரு வழி வைத்து அறுவை செய்யலாம் என்று சொன்ன ஆய்வுகளை நான் நன்றியோடுதான் வாசிக்கிறேன். அந்த ராத்திரி எனக்கு இது தெரிந்திருந்தால் மாடிப்படியில் உட்கார்ந்த ஒரு மணி நேரம் வேறு மாதிரி போயிருக்கும்.

அத்தை மகனுக்கு இப்போது கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. போன மாதம் ஊருக்குப் போனபோது அவனோடு சந்தைக்குப் போனேன். உரக்கடையில் நின்றவன், என்னைப் பார்க்காமல், கடைக்காரரிடம் அந்தப் பசை இருக்கிறதா என்று கேட்டான். எனக்கு ஒரு நிமிஷம் தூக்கிவாரிப்போட்டது. "அது இப்ப வர்றதில்லப்பா" என்றார் அவர். அவன் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தான். "இருக்கான்னு பாத்தேன் மச்சான். இல்லையாம், நல்லது" என்றான்.

(மனசு கனத்துப்போகும் நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் 104-ஐ எந்த நேரமும் கூப்பிடலாம். மருத்துவ விவரங்களில் நான் எங்காவது தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால், தெரிந்தவர்கள் திருத்துங்கள், மாற்றிவிடுகிறேன்.)